வெள்ளையம்மா முடக்காத அட்டை

வங்கியிலிருந்து வந்த உறையை வெள்ளையம்மா வாசலில் நின்றபடியே கிழித்தாள். ஒரு காலத்தில் அவள் இந்த உறைகளைத் திறந்ததே கிடையாது. வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் பிளவுஸ் தைக்கும் பகுதி அவள் பொறுப்பில் இருந்தது. முதலாளி எல்லாருடைய சம்பளத்தையும் வங்கியில் போடத் தொடங்கியபோது அவளுக்கும் ஒரு டெபிட் அட்டை வந்தது. வந்த அன்றே அதைக் கணவன் இருளப்பனிடம் கொடுத்துவிட்டாள். பணம் தேவைப்பட்டால் அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய் வரிசையில் நின்று எடுப்பாள். மாதா மாதம் வரவு செலவைக் காட்டி வரும் வங்கிக் கூற்றுகள் கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த அறையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் உறை பிரியாமலேயே கிடந்தன. அந்த டின் இருளப்பனுக்கும் தெரியும்.

இருளப்பன் காணாமல் போன பிறகுதான் அவள் உறைகளைத் திறக்கத் தொடங்கினாள்.

2008 மார்ச்சில் வந்த கூற்றில் புதிதாக ஒரு வரி இருந்தது. வழக்கமாகச் சம்பளம் வந்தது ஒரு வரி, அவள் எடுத்தது இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான் இருக்கும். இந்த முறை இடையில் ‘டபிள்யூ.பி.ஆர். ட்ரேடர்ஸ், வத்தளை’ என்றிருந்தது. பக்கத்தில் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்.

வத்தளையில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அந்த அட்டை இருளப்பனின் பர்சில் இருந்தது. பர்ஸ் அவனோடு போயிருந்தது.

போன வருடம் மே மாதம் ஒரு காலையில் முச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மறுநாள் கிராண்ட்பாஸ் பக்கம் வீதி ஓரத்தில் சாவியோடு வண்டி கிடைத்தது. அந்தக் காலத்துக் கொழும்பில் இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆட்களைக் கடத்திப்போகும் வெள்ளை வான் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிய சார்ஜன்ட் மட்டும் சிரித்தான். “வேறொரு பெண்ணோடு போயிருப்பான், வீட்டுக்குப் போய்ச் சமையலைப் பார்” என்றான் சிங்களத்தில். அதையே ரபீக்காவிடமும் சொல்லியிருந்தான்.

ரபீக்காவை அவள் சந்தித்தது கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில். வியாழக்கிழமைகளில் மதிய நேரம் காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அங்கே படங்களைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ரபீக்காவின் அண்ணன் மஜீட், புறக்கோட்டையில் ஃபோன் கடை வைத்திருந்தவர். கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவரை வானில் ஏற்றியதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்தார்கள், பிறகு பார்க்கவில்லை என்றார்கள்.

வரிசையில் ஆண்கள் நிற்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் சாதாரண உடுப்பில் ஒருவன் கெமராவோடு நின்று எல்லாரையும் படம் பிடிப்பான். ஒருமுறை தம்பிக்காக வந்து நின்ற ஒரு இளைஞனை அடுத்த வாரம் வீட்டிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அந்த வரிசைக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. புதிதாக வருபவளுக்குப் பழையவர்கள் முதலில் சொல்வது, அவருடைய ஃபோனை வெட்டாதே, பில்லைக் கட்டிக்கொண்டே இரு என்பது. அடுத்தது, அட்டை இருந்தால் அதை முடக்காதே. தூக்கியவர்கள் அதைத் தொட்டால் எங்கே தொட்டார்கள் என்றாவது தெரியும். அதனால்தான் வங்கியின் வெள்ளவத்தைக் கிளையில் வேலை செய்த இஸ்ஸதீன் எத்தனை முறை சொல்லியும் அவள் அட்டையை முடக்கவில்லை.

கூற்று வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டு வத்தளைக்குப் போனாள். டபிள்யூ.பி.ஆர். ட்ரேடர்ஸ் எங்கே என்று கேட்டாள். டயர் கடைக்காரன் இல்லையென்று தலையை ஆட்டினான். சாமான் கடைக்காரன் அப்படி ஒரு கடை இந்த ஊரிலேயே இல்லை என்றான். வெயிலில் அலைந்துவிட்டு நேராக இஸ்ஸதீனிடம் வந்தாள்.

“இப்ப வந்து சொல்றீங்க தங்கச்சி. பேங்க் காட்ட அண்டைக்கே முடக்கச் செல்லி நான் தலையால அடிச்சிக்கிட்டேன்.”

“முடக்கியிருந்தா இந்த வரி வந்திருக்காதுங்களே சேர்.”

இஸ்ஸதீன் கூற்றை வாங்கிப் பார்த்தார். “இது போர்ட்ல ஈக்கிற பேரில்ல. கம்பனியப் பதிஞ்ச பேர். இதச் செல்லித் தேடினா அந்தக் கடை வாசல்ல நிண்டே கேட்டாலும் ஒருத்தனும் காட்டமாட்டான்.”

தலைமை அலுவலகத்தில் அட்டைப் பகுதிக்கு ஃபோன் எடுத்துச் சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசினார். வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாமசி. ஹெந்தளைச் சந்தியில. வத்தளைன்டு போட்டாலும் இடம் அதுதான்.”

“மருந்துக் கடையா?”

“ஓம். திகதியையும் நம்பாதீங்க. இது சல்லி கடைக்குப் போன நாள். வாங்கினது ரெண்டு மூணு நாளைக்கு முந்தி.” ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். “இது நான் செஞ்ச செலவில்லன்டு எழுதி ஒப்பம் வெச்சித் தாங்கொ. கடைக்காரன்ட கையில கையெழுத்து வெச்ச துண்டு ஈக்கும். அதுட கொப்பிய அவன் அனுப்பியே ஆகோணும்.”

துண்டின் நகல் வர மூன்று வாரம் ஆனது. இஸ்ஸதீன் அதை மேசையில் விரித்தபோது வெள்ளையம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அட்டை வந்த அன்று அதன் முதுகில் அவள் பெயரைத் தமிழில் எழுதியவன் இருளப்பன்தான். ‘ள்ளை’ என்பதை எழுதும்போது வாலைத் தேளின் கொடுக்கு மாதிரி மேலே சுழற்றிவிடுவான். துண்டிலும் அதே தேள் இருந்தது.

அவன் உயிரோடு இருந்தான். தன் கையாலேயே கையெழுத்து வைத்திருந்தான்.

அடுத்த வியாழக்கிழமை அந்தக் கொப்பி வரிசையில் கைமாறியது. ரபீக்கா அழுதாள்.

“உசிரோட ஈக்கிறார் அக்கா! அல்லாவே! காயம் பட்டிருப்பார். கட்டுத் துணி, மருந்து வாங்க அவரையே அனுப்பியிருப்பானுகள். சுடுற துவக்கோட ஒருத்தன் பக்கத்துல நிண்டிருப்பான்.”

“இந்தக் கையெழுத்துல நடுக்கமே இல்லயே ரபீக்கா.”

“தைரியமான மனுசன்தானே.”

வரிசையின் கடைசியில் நிற்பவர் சீனியம்மா. மகன் போய் இரண்டு வருடமாகியும் அவனுடைய ஃபோன் பில்லைக் கட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் கொப்பியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, “ஒன் ஆளு வந்தா எங்க ஆளும் வருவான் மகளே” என்றார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒற்றிக்கொண்டார்கள். கொப்பி வெள்ளையம்மாவின் கைக்குத் திரும்பியபோது நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளும் ரபீக்காவும் ஹெந்தளைக்குப் பஸ் ஏறினார்கள். சந்தியில் இருந்தது ஒரே ஒரு மருந்துக் கடை. பச்சைப் பலகையில் வேறு ஏதோ பெயர். காசாளராக இருந்த சிங்களப் பெண் இருளப்பனின் படத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“ஆ, ஐஸ் ஃபெக்டரியில் வேலை செய்கிற ஐயா! இப்போது மீசை இல்லை.”

பக்கத்தில் யாராவது நின்றார்களா என்று ரபீக்கா சிங்களத்தில் கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். யாருமில்லை, தனியாகத்தான் வந்தார். பாவம், குழந்தைக்கு வயிற்றுப் பொருமல், ராத்திரி முழுக்க அழுகை. கிரைப் வோட்டரும் பால் போத்தலுக்கு ரப்பரும் ஒரு பெட்டி நெப்பியும் வாங்கினார். கையில் காசு போதவில்லை. பர்சின் பின்பக்கம் நோண்டி ஒரு காட்டை எடுத்தார். அவர்கள் கடையில் யாரும் காட் கொடுப்பதில்லை, மெஷினில் கடதாசிச் சுருள்கூட இருக்கவில்லை, தேடிப் போட வேண்டியிருந்தது. அதனால்தான் நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும். வீடு கோயில் ஒழுங்கையின் கடைசியில், கால்வாய்க் கரையில்.

வெள்ளையம்மாவுக்குக் கணக்குப் போட அதிக நேரமாகவில்லை. வான் தூக்கியதாக அவள் நம்பிய மே மாதத்துக்கு முன்பே அந்தக் குழந்தை வயிற்றில் இருந்திருக்கிறது.

ரபீக்கா அங்கேயே செருப்பைக் கழற்றினாள். “வாங்கொ அக்கா. கால்வாய்க்குள்ள அவன எறக்கிட்டுத்தான் போறது. எங்கட மஜீட் நானாட பேரச் செல்லி நாங்க நிண்ட எடத்துல இவன்ட படமும் நிண்டிச்சே!”

“செருப்பப் போடு” என்றாள் வெள்ளையம்மா. பிறகு காசாளரிடம் திரும்பி, அந்த ஐயா வாங்கிய அதே கிரைப் வோட்டர் ஒன்று கேட்டாள்.

அந்தப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டே ஒழுங்கையின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள். ரபீக்காவைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், தோளில் சாய்த்த குழந்தையோடு கதவைத் திறந்தாள்.

“ஐஸ் ஃபெக்டரிக்காரரு வீடு இதானேம்மா? நான் தேயிலத் தோட்டத்துப் பக்கத்துல இருந்து வாரேன். அக்கா முறை.”

“இராமர்ட அக்காவா? அவருக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னவரே! உள்ளுக்கு வாங்கோ அக்கா. நான் ஸ்டெல்லா.”

இராமர், இருளப்பனின் தம்பி. சிறு வயதிலேயே இறந்துபோனவன். செத்தவன் பெயரை எடுத்துக்கொண்டு, உயிரோடு இருப்பவளைக் கைம்பெண் மாதிரி நிறுத்தியிருக்கிறான். வெள்ளையம்மா சிரித்துக்கொண்டே போத்தலை நீட்டினாள். “புள்ளைக்கு.” முற்றத்தில் மீன் வலை காய்ந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லாவின் அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் அதைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் தூண் மாதிரிக் கை.

பின்பக்கத்திலிருந்து துவாயால் முகத்தைத் துடைத்தபடி வந்த இருளப்பன் அவளைப் பார்த்ததும் துவாயை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“தம்பி!” என்றாள் வெள்ளையம்மா சத்தமாக. “கால்வாய்ப் பக்கம் காத்து நல்லா இருக்கும் போல. வா, பேசிட்டு வரலாம்.”

“தேத்தண்ணி ஊத்தி வைக்கிறன் அக்கா” என்றாள் ஸ்டெல்லா.

கரையில் நின்றதும் இருளப்பன் முதலில் திரும்பிப் பார்த்தது வலை தைப்பவர்களைத்தான்.

“சத்தம் போடாத புள்ள. நான் சொல்றேன். எல்லாம் சொல்றேன். ஒன்னய விட்டுட்டுப் போறேன்னு சொல்ற தைரியம் எனக்கு வரல. அப்ப எல்லாரையும் தூக்கிட்டு இருந்தானுங்க. வண்டிய விட்டுட்டுப் போனா யாரும் தேடமாட்டாங்கன்னு...”

“நான் தேடினேன்.”

“தெரியும். பேப்பர்ல பார்த்தேன். என் படத்த வெச்சிக்கிட்டு நின்னீங்க எல்லாரும்.”

“பார்த்தியா?”

பதினாறு வருடக் குடும்பத்தில் அவள் அவனை ‘நீ’ என்றது அன்றுதான். வீட்டுக்குள் சொன்னது நடிப்பு, இது நடிப்பில்லை. அவனுக்கும் அது உறைத்தது. கொஞ்சம் நிமிர்ந்தான். பிறகு, இவ்வளவு நாளும் யோசித்து வைத்திருந்ததை எடுத்து வெளியே வைத்தான்.

“நீ பொலிசுக்குப் போகமாட்ட வெள்ள. போனா அங்க இருக்கிற சார்ஜன்ட் சிரிப்பான், பொம்பளையோட ஓடியிருப்பான்னுதானே எப்பவும் சொல்றானுங்க. பார்த்தியா, சொன்னேனேன்னு வரிசையில நிக்கிற எல்லாரையும் காட்டிச் சிரிப்பான். எல்லார் புருசனும் இப்படித்தான் ஓடிட்டான்னு பேப்பர்ல போடுவான். ஒன்னால அத செய்ய ஏலாது. ஒன்னய எனக்குத் தெரியும்.”

உண்மைதான். கோயில் ஒழுங்கையில் நடந்து வரும்போதே அவள் நினைத்ததும் அதைத்தான். பொலிஸ், பத்திரிகை, இரண்டு வாசலையும் இவன் மற்றவர்களின் படங்களை வைத்து அடைத்திருந்தான். சீனியம்மாவின் மகனுக்குப் பின்னால், மஜீடுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றான்.

“சரி. போகமாட்டேன்” என்றாள். “நீ வியாழக்கெழம பன்னெண்டு மணிக்குக் கோட்டைக்கு வா.”

“எதுக்கு?”

“நிக்கிறதுக்கு.”

“பைத்தியமா ஒனக்கு? ஆம்பளைங்க யாரும் அங்க நிக்கமாட்டாங்க. படம் புடிப்பானுங்க. என்கிட்ட ஒழுங்கான ஐடென்டிட்டி காட்டுகூட இல்ல. தூக்கிருவானுங்க!”

“தூக்கட்டும். ஒனக்கு அது புதுசா? பத்து மாசமா தூக்கிட்டுத்தானே போயிருக்காங்க.”

“வெள்ள...”

“வராட்டி பரவாயில்ல. ஸ்டெல்லா தேத்தண்ணி ஊத்தி வெச்சிருக்கு. இப்பவே போயி ஒக்காந்து, குடிச்சிக்கிட்டே பேசிட்டுப் போறேன். அவங்க அண்ணனுங்களும் கேக்கட்டும். நல்ல கை அவங்களுக்கு.”

இருளப்பன் வலை தைப்பவர்களை மறுபடி பார்த்தான். “வாரேன்” என்றான்.

சந்தியில் ரபீக்காவுக்குக் கோபம் ஆறவில்லை. “அந்தப் புள்ளைக்குச் செல்லாமலா வந்தீங்க? அதுவும் ஏமாந்தது தானே?”

“சொன்னா அது அழும். அது அழுது எனக்கு என்னா கெடைக்கும்? இவன்தான் அழணும்.”

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இருளப்பன் வந்தான். தொப்பியை இமை வரை இழுத்துவிட்டிருந்தான். மீசையில்லாத அந்த முகத்தை வரிசையில் யாரும் அடையாளம் காணவில்லை. அவர்கள் பார்த்திருந்தது படத்தைத்தான். அந்தப் படத்தை வெள்ளையம்மா கொண்டுவரவில்லை. வவுனியாவிலிருந்து பயண அனுமதி கிடைக்காமல் ஒரு தாய் அனுப்பியிருந்த மகனின் படத்தைப் பிடித்திருந்தாள்.

சீனியம்மா வரிசையை விட்டு அவளிடம் வந்தார். “மகளே, அந்தத் துண்டு? ஏதும் தெரிஞ்சிச்சா?”

வெள்ளையம்மா இருளப்பனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “போய்ப் பார்த்தேன்மா. நம்ம ஆளு இல்ல.”

சீனியம்மாவின் முகம் விழுந்தது. அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அந்தத் தட்டலுக்கும் சேர்த்து இவன் கொடுக்க வேண்டும் என்று வெள்ளையம்மா மனதில் வைத்துக்கொண்டாள்.

ரபீக்கா தன் அண்ணனின் படத்தைக் கொண்டுபோய் இருளப்பனின் கையில் திணித்தாள். “நேராப் புடிங்கொ. மூஞ்ச மறைக்க வாணாம். நெஞ்சுக்கு நேர. இது எங்கட நானா. உண்மையாவே கொண்டுபோன ஆள்.”

எதிர்ப்பக்கத்தில் கெமராக்காரன் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தான். வரிசையில் ஆண் ஒருவனைக் கண்டதும் டீயைக் கீழே வைத்தான். ஒரு படம் எடுத்தான். வீதியைக் கடந்து பாதி தூரம் வந்து, குனிந்து, தொப்பிக்குக் கீழே முகம் தெரியும்படி இன்னொன்று எடுத்தான். இருளப்பன் மஜீடின் படத்தை முகம் வரை உயர்த்தப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளை வான் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓரமாக வந்தது. பெண்கள் எப்போதும் போல மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருளப்பன் மடங்கி உட்கார்ந்துவிட்டான். வாயிலிருந்து “ஐயோ அம்மா” என்று ஒரு சத்தம் வந்தது. வான் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒருவன் பேக்கரிப் பாண் தட்டுகளை இறக்கினான்.

மற்ற எல்லாரும் வானைப் பார்த்தார்கள். வெள்ளையம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வெளுத்து, நனைந்து, வாய் கோணிப் போயிருந்த அவன் முகத்தை ஆறஅமரப் பார்த்தாள். பத்து மாதமாக அவள் ஒவ்வொரு இரவும் கற்பனை செய்து அழுத முகம் அதுதான். இப்போது அழுகை வரவில்லை. நன்றாக இருந்தது.

“எழும்பு” என்றாள். “இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு.”

கலையும்போது படத்தை ரபீக்காவிடம் கொடுத்துவிட்டு அவளிடம் வந்தான். “இன்னும் எத்தன வாரம் வரணும்?”

வெள்ளையம்மா வரிசையைக் காட்டினாள். பெண்கள் படங்களைத் துணியில் சுற்றிப் பைகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்தப் படத்துல இருக்கிறவங்க எல்லாம் வீட்டுக்கு வர்ற வரைக்கும்.”

அவன் நடக்கத் தொடங்கியதும் கூப்பிட்டாள். “அந்த அட்டையத் தூக்கிப் போட்டுடாத. மாசா மாசம் புள்ளைக்கு மருந்து அதுலயே வாங்கு. ஒரு மாசம் அந்தக் கடைப் பேரு வரலேன்னாலும் நான் தேத்தண்ணி குடிக்க வருவேன்.”

அடுத்த கூற்றில் டபிள்யூ.பி.ஆர். ட்ரேடர்ஸ் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. சம்பளம் எடுக்கப் போன ஒரு வியாழக்கிழமை இஸ்ஸதீன் அதைக் கண்டுவிட்டார்.

“தங்கச்சி, மறுகா அந்தக் கடைப் பேர் வந்தீக்கிது. முறைப்பாடு எழுதுவமா?”

“வேணாம் சேர். இது தெரிஞ்ச செலவு.”

“சல்லி உங்கடதானே போகுது? சரி, காட்டையாவது முடக்குவம்.”

“மாட்டக் கட்டக் கயிறு வாங்கினா காசு குடுக்கத்தானே வேணும் சேர்” என்று சொல்லி எழுந்தாள். கடைக்குப் போக அவசரமில்லை. முதலாளி வியாழக்கிழமைகளில் மதியத்துக்கு மேல்தான் அவளை எதிர்பார்ப்பார். வெளியே வந்து கோட்டைக்குப் போகும் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.